தசமபாகமா, மனம் நியமித்தபடியா: முதல் வேலைக்குப் போனவனின் கணக்கு

பக்கத்து வீட்டுப் பையன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கூப்பிட்டான். “சித்தப்பா, இங்க சர்ச்ல ஒரு கவர் குடுத்திருக்காங்க. பேரு, மாசம், தொகைன்னு மூணு கோடு. மேல தசமபாகம்னு அச்சடிச்சிருக்கு. எவ்வளவு எழுத?”

தசமபாகம் என்றால் வரவில் பத்தில் ஒன்றை ஆண்டவருக்கென்று கொடுப்பது. முதல் மாதச் சம்பளத்தைப் பற்றி அவனுக்குக் கேள்வி எழவில்லை. அது முதற்பலன். அவன் அம்மா அதை அப்படியே ஊர்ச் சபையில் படைத்துவிட்டார், எங்கள் பக்கம் அது வழக்கம்தான். சிக்கல் இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது. அறையில் கூடத் தங்கியிருக்கும் பையன் வேறொரு சபைக்குப் போகிறான். “தசமபாகம் பழைய ஏற்பாட்டுச் சட்டம்டா, நாம கிருபைக்குக் கீழ்ப்பட்டவங்க, கவரைத் தூக்கிப் போடு” என்கிறானாம். இவன் போகும் சபையிலோ, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று பிரசங்கம். இரண்டு பக்கமும் வசனத்துக்குப் பஞ்சமில்லை.

நான் எங்கள் ஊர்ச் சபையில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தவன். இறையியல் படித்தவன் அல்ல. வெல்வெட் காணிக்கைப் பையைக் கவிழ்த்து, எட்டாக மடித்துச் சுருட்டிய நோட்டுகளை நீவி, சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிய அனுபவம் மட்டும் உண்டு. அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அதே கவரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் வேறு பலரும் இருப்பார்கள்.

முதலில் அவன் கணக்கு. கைக்கு வருவது 32,000 ரூபாய். அறை வாடகையில் அவன் பங்கு 7,000. கல்விக் கடன் தவணை 8,500. வீட்டுக்கு அனுப்புவது 8,000, அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அதற்குள்தான். சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 6,000. மீதி 2,500. பத்தில் ஒன்று என்றால் 3,200 எழுத வேண்டும். இடிப்பது 700 ரூபாய். அந்த 700 ரூபாய்க்குள் நியாயப்பிரமாணம், கிருபை, ஆபிரகாம், பவுல் எல்லாரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பத்தில் ஒன்று

தசமபாகத்தை ஆதரிக்கிறவர்களின் பலமான வாதம், ‘தேவனை வஞ்சிக்கிறீர்கள்’ என்று சொல்லும் மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் அல்ல, ஆபிரகாம். மோசேக்கு முன்பே, சட்டம் என்று ஒன்று வராத காலத்திலேயே, அவர் சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார் (ஆதியாகமம் 14). ஆகவே சட்டம் போனாலும் தசமபாகம் போகாது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்தது போரில் மீட்ட பொருளில், நாம் அறிய ஒரே ஒரு தடவை. மிச்சத்தில் ஒரு செருப்பு வாரைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சோதோம் ராஜாவிடம் சொல்லிவிட்டார். அவர் பேரன் யாக்கோபு பெத்தேலில் செய்ததோ பொருத்தனை. சோறும் துணியும் தந்து பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் பத்தில் ஒன்று தருவேன் என்கிற பேரம். அப்புறம், சட்டத்துக்கு முந்தியது என்பதாலேயே ஒன்று நிலைக்கும் என்றால் விருத்தசேதனமும் முந்தியதுதான். அதை யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள்மேல் சுமத்தாதே என்று அப்போஸ்தலன் பவுல் போட்ட சண்டை கலாத்தியர் நிருபம் முழுக்க இருக்கிறது.

மோசேயின் சட்டத்தில் உள்ள தசமபாகத்தை நம் கவரில் போடும் தசமபாகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுதான். அது சம்பளத்தில் போட்ட விகிதம் அல்ல. தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு. மந்தையைக் கோலின்கீழ் ஒவ்வொன்றாகப் போகவிட்டுப் பத்தாவதாக வருவதைப் பிரிக்க வேண்டும் (லேவியராகமம் 27). ஒன்பது ஆடு வைத்திருக்கிறவனுக்கு? அவனுக்குப் பத்தாவது என்று ஒன்றே கிடையாது. இப்படிச் சேர்ந்தது ஆலய வேலைக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் கோத்திரத்துக்குப் போனது, ஏனென்றால் தேசத்தைப் பங்கு போட்டபோது அவர்களுக்கு நிலம் கொடுக்கப்படவில்லை. அவர்களும் வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 18).

உபாகமம் 14-க்கு வந்தால் கதையே வேறு. விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுப் பணத்தை முடிந்துகொண்டு போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். ஆடுமாடு, திராட்சரசம், மதுபானம் வரைக்கும் பட்டியல் இருக்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கை ஊர் வாசலிலேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். எங்கள் பக்கத்து அசனப் பண்டிகைக்கு இது அண்ணன் முறை ஆகும். ஊரே கூடி, பெரிய வட்டையில் சோறு வடித்து, ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் பந்தி போடுவது இந்த அதிகாரத்தின் வாசனைதான். ஆனால் எந்தத் தசமபாகப் பிரசங்கத்திலும் உபாகமம் 14-ஐ நான் கேட்டதில்லை. யூத மரபில் இவற்றை வெவ்வேறு தசமபாகங்களாக எண்ணினார்கள். எல்லாம் சேர்த்தால் பத்தைத் தாண்டி இருபதுக்குப் பக்கம் போகும். “வேதத்தில் உள்ளபடி பத்துச் சதவீதம், அதுவும் சபைக்கே” என்று சொல்கிறவர் வேதத்தில் உள்ளபடி சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்று என்கிற வழக்கம் புராட்டஸ்டண்ட் சபைகளில் வலுத்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில்.

மல்கியா 3-க்கு வருவோம். “வானத்தின் பலகணிகளைத் திறந்து” என்ற வசனம் அச்சடிக்காத கவரைப் பார்ப்பது அபூர்வம். தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று அந்த வசனம் தொடங்குகிறது. அந்தப் பண்டசாலை தானியக் களஞ்சியம். லேவியருக்குரிய பங்கு வராமல் அவர்கள் பிழைப்புக்காக வயலுக்கு ஓடிப்போன நிலைமையை நெகேமியா 13 சொல்கிறது. அதே மல்கியாவின் முதல் இரண்டு அதிகாரங்களில் அடி வாங்குகிறவர்கள் ஆசாரியர்கள். கண் தெரியாததையும் காலூனமானதையும் பலிபீடத்தில் வைக்கிறீர்களே என்று. மூன்றாம் அதிகாரத்திலேயே, வஞ்சிக்கிறீர்கள் என்று சொல்வதற்கு மூன்று வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியை அமுக்குகிறவனுக்கும் விதவையை ஒடுக்குகிறவனுக்கும் எச்சரிக்கை வருகிறது. அதை அச்சடிக்கக் கவரில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

விகிதத்தைவிட என்னை உறுத்துவது, கொடுக்காவிட்டால் சாபம் என்கிற பயம். ஒருமுறை உறவினர் ஒருவரோடு ஒரு சபைக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டவணை. இடது பக்கம் குடும்பத் தலைவர்களின் பெயர், மேலே பன்னிரண்டு மாதம், கொடுத்தவர்களுக்குப் பச்சை மையில் டிக். ஒரு பெயருக்கு நேரே மூன்று மாதமாக வெற்றுக் கட்டம். அது இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என்று உறவினர் சொன்னார். ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா சுவர்ப் பக்கம் பார்க்காமல், முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு, செருப்பைக் கையிலெடுத்தபடியே வெளியே போனார். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13-ஐ அன்று காலைதான் அங்கே வாசித்திருந்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், தசமபாகத்தில் நான் மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. பத்துக் குடும்பம் தலா பத்தில் ஒன்று கொடுத்தால் பதினோராவது குடும்பம் ஒன்று அவர்களுடைய சராசரி வசதியில் வாழலாம். லேவியர் ஏற்பாட்டின் கணக்கே இதுதான். பேராயத்தோடு, அதாவது பிஷப்பின் நிர்வாகத்தோடு, சேர்ந்த சபைகளில் போதகருக்குப் பேராயம் சம்பளம் கொடுக்கிறது, மாற்றல் கொடுக்கிறது, ஓய்வூதியமும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு முப்பது குடும்பத்தோடு நடக்கும் ஒரு கிராமத்துப் பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டருக்கு அப்படி ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. அவர் வீட்டு அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்தக் கவர்களில்தான் இருக்கிறது. “பாஸ்டர் ஏன் எப்பப் பார்த்தாலும் காசு பேசுறார்” என்று நக்கலடிக்கிற பேராயத்துக்காரர்கள் இதை யோசிப்பதில்லை. நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை.

மனம் நியமித்தபடி

கிருபை என்று சொல்கிறவர்கள் நிற்கும் இடம் 2 கொரிந்தியர் 9:7. “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்.” புறஜாதியார் எதையெல்லாம் கைக்கொள்ள வேண்டும் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்தபோது (அப்போஸ்தலர் 15) பட்டியலில் தசமபாகம் இல்லை. பவுல் தன் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் பணத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார், பத்தில் ஒன்று என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. எபிரெயர் 7 தசமபாகத்தைப் பேசுகிறது, ஆனால் மெல்கிசேதேக்கு லேவியைவிடப் பெரியவர் என்று காட்டுவதற்காக. ஆசாரியத்துவம் மாறினால் சட்டமும் மாறவேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது. “இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்” என்று வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் கொடுத்து நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரிடம் இயேசு சொன்னாரே என்று மறுபக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேவாலயமும் லேவியரும் இருந்த காலத்தில், அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தவர்களிடம் சொன்னது என்பது பதில். எனக்கு இந்தப் பக்கத்து வாதம்தான் வேதத்தின்படி வலுவாகப் படுகிறது.

இந்தப் பக்கத்துக்கு அண்மையில் எதிர்பாராத ஒரு சாட்சியும் கிடைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரபல பிரசங்கியார் கிரெஃப்லோ டாலர் பல வருஷமாகத் தசமபாகத்தை அழுத்திப் போதித்தவர். 2022-ல் தன் சபையில் நின்று, தான் போதித்தது சரியல்ல என்றும் அதைப் பற்றிய தன்னுடைய பழைய புத்தகங்களையும் பதிவுகளையும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். கொடுப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. கிருபையினால் கொடுங்கள் என்றார். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தக் காணொளி சுற்றியது. சிலர் அல்லேலூயா போட்டார்கள், சிலர் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

கட்டாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஐரோப்பா போதும். 779-ல் சார்லமேன் தன் ராஜ்ஜியத்தில் தசமபாகத்தைச் சட்டமாக்கினார். காலப்போக்கில் அது ஆண்டவருக்குக் கொடுப்பதாக இல்லாமல் நிலவரி போல ஆனது. அயர்லாந்தில் கத்தோலிக்க விவசாயிகள் தாங்கள் கால் வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது, 1830-களில் அது ரத்தக்களரியில் முடிந்தது. பிரான்சில் 1789-ல் புரட்சி வந்த வேகத்தில் ஒழித்தார்கள். இங்கிலாந்தில் 1836-ல் தானியத்துக்குப் பதில் பணம் என்று மாற்றி, 1936-ல் அதற்கும் முடிவு கட்டினார்கள். ஜெர்மனியில் இன்றும் அரசாங்கமே சபை வரி பிடித்துக் கொடுக்கிறது, வருமான வரியின்மேல் 8 அல்லது 9 சதவீதம். அங்கே சபையை விட்டு விலகுகிறவர்களில் பலர் முதலில் விலகுவது அந்த வரியிலிருந்து.

சரி, கிருபைதான் சரி என்றால் கவரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் பொருளாளர் குறுக்கே வருகிறான்.

காணிக்கைப் பை வரிசையில் நகர்ந்து வரும்போது சட்டைப் பைக்குள் போகும் விரல்களை ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் விரலில் தட்டுப்படும். அதை உள்ளே தள்ளிவிட்டுப் பத்து ரூபாயைத் தேடும். கிடைத்ததும் எட்டாக மடித்து, பைக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டு, சத்தமில்லாமல் போட்டுவிட்டு வெளியே எடுக்கும். வெளியில் நிற்கும் காருக்கு மாதத் தவணை இருபதாயிரத்துக்குக் குறையாது. கேட்டால் கிருபை. கட்டாயம் வேண்டாம் என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்ட நாங்கள், அதே வசனத்தில் இருக்கும் ஒரு சொல்லை அப்படியே தாண்டிப் போயிருந்தோம். “தன் மனதில் நியமித்தபடியே.” நியமிப்பது என்றால் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. பை பக்கத்தில் வரும்போது கையில் என்ன சிக்குகிறதோ அதற்கு நியமிப்பது என்று பெயர் இல்லை. வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்துவைக்கட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும் (16:2) இருக்கிறது. நாள் குறித்து, வரவைப் பார்த்து, தனியாக எடுத்துவைத்து. கிருபையைப் போதித்த மனிதர் சொன்ன முறை இது. இதற்கு ஒரு நோட்டு வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்கான நிதி திரட்டலைப் பற்றியவை, உள்ளூர் ஊழியரின் சம்பளத்தைப் பற்றியவை அல்ல. ஊழியரின் பிழைப்புக்கு 1 கொரிந்தியர் 9:14 தனியாக இருக்கிறது. கிருபைக்காரர்கள் முதலாவதை மனப்பாடமாகச் சொல்வார்கள், இரண்டாவது அவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவதில்லை.

நடுவில் சில வழிகள்

இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோலப் பேசுவது நமக்கே அநியாயம். நம்மிடமே பழைய வழிகள் இருக்கின்றன.

என் ஆச்சி அடுப்பங்கரையில் ஒரு மண்கலயம் வைத்திருந்தாள். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். மூட்டையிலிருந்து எடுக்க மாட்டாள், சமைக்க வைத்ததிலிருந்துதான். “மூடையில எடுத்தா அது தாத்தா குடுத்தது, இது நான் சாப்பிடாம குடுத்தது” என்பாள். பிடியரிசி மாதக் கடைசியில் சபைக்குப் போகும். மிசோரம் பிரெஸ்பிடேரியன் சபையில் 1910 வாக்கில் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது. அங்கே அதற்கு ‘புஃபாய் தாம்’ என்று பெயர். ஊழியத்தின் பெரிய பங்கை அந்தக் கைப்பிடி தாங்குகிறது. மிசோக்கள் தசமபாகமும் கொடுக்கிறவர்கள்தான், ஒன்றுக்காக ஒன்றை விடவில்லை. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயர் ஆன பிறகும் ஏழைச் சபைகள் தங்கள் கையால் கொடுத்துத் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார்.

எங்கள் பக்கத்துப் பேராயச் சபைகளில் சங்கக் காணிக்கை உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம். தொகை சின்னது, எல்லாராலும் முடியும், ரசீது உண்டு. குறை என்னவென்றால், அது சந்தா மாதிரி ஆகிவிடும். பாக்கி இருந்தால் சபைத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது என்பதால், தேர்தல் வருஷத்தில் மட்டும் மூன்று வருஷப் பாக்கியைச் சுளையாகக் கட்டுகிற பக்தியை நான் பார்த்திருக்கிறேன். அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னொரு ரகம். இருநூறு ரூபாய் வாழைத்தாரை இரண்டாயிரத்துக்கு எடுக்கிறவரின் உற்சாகம் உண்மையானதுதான், பக்கத்தில் நிற்கும் மச்சானைப் பார்த்து வந்த உற்சாகம் என்றாலும்.

பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. பத்தில் ஒன்றை எடுத்துவைத்து, பாதியைச் சபைக்கும் மீதியை மிஷனெரி ஒருவருக்கும் படிக்க வசதியில்லாத பிள்ளை ஒன்றுக்கும் என்று பங்கிடுகிற குடும்பங்கள் நிறைய. “எல்லாம் பண்டசாலைக்கே” என்கிற போதகர்களுக்கு இது பிடிக்காது. உபாகமத்தின் மூன்றாம் வருஷத்துப் பங்கைப் படித்தவர்கள் ஆட்சேபிக்க முடியாது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் தசமபாகத்தில் கண்டிப்பானவர்கள். ஆனால் அவர்களிடம் அந்தப் பணம் உள்ளூர்ச் சபையில் தங்குவதில்லை, மேல் அமைப்புக்குப் போய் அங்கிருந்து போதகர்களுக்குச் சம்பளமாகிறது. பணக்காரச் சபை போதகருக்கும் ஏழைச் சபை போதகருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

வருமானம் ஏற ஏற விகிதத்தையும் ஏற்றுவது இன்னொரு வழி. மெதடிஸ்டு இயக்கத்தின் ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வருஷத்துக்கு 30 பவுன் கிடைத்ததாம், 28-ல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 கிடைத்தது. அப்போதும் 28-ல்தான் வாழ்ந்தார், மீதி 32-ம் ஏழைகளுக்கு. முதல் வருஷம் அவர் கொடுத்தது பத்தில் ஒன்றுகூட இல்லை, அடுத்த வருஷம் பாதிக்கு மேல். மாதம் 15,000 வாங்குகிற கட்டடத் தொழிலாளிக்கு 1,500 என்பது ஒரு கேஸ் சிலிண்டரும் ஒரு வாரச் சாப்பாடும். மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கு 20,000 போனாலும் கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் நிற்கிறது. விகிதம் ஒன்று, பாரம் ஒன்றல்ல. வசதியுள்ளவர்களைப் பொறுத்தவரை தசமபாகம் அதிகம் என்பதல்ல என் மனத்தாங்கல், அது அவர்களைச் சுலபமாக விட்டுவிடுகிறது என்பதுதான்.

மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். எதில் வேண்டுமானாலும் கணக்குப் போடுங்கள், ஒன்றில் நில்லுங்கள்.

அவனுக்குச் சொன்னது

கடன் தவணையை நிறுத்தியோ கைமாற்று வாங்கியோ கவரை நிரப்பாதே என்றேன். அது கொடுப்பதல்ல, வங்கியின் பணத்தை ஆண்டவருக்குப் படைப்பது. அம்மாவுக்கு அனுப்புவதில் கை வைக்காதே என்றும் சொன்னேன். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று பெயர் சொல்லி நிறுத்தியவர்களை இயேசு எப்படித் திட்டினார் என்று மாற்கு 7-ல் போய்ப் படி.

“அப்போ மீதி 2,500-ல என்ன மனசுல தோணுதோ அது. அதானே கிருபை?” என்றான்.

இல்லை. தோன்றுவது வேறு, நியமிப்பது வேறு. சம்பளம் வந்த அன்றைக்கே, மாதச் செலவு தொடங்கும் முன், ஒரு தொகையை எடுத்து வேறு இடத்தில் வை. அது எவ்வளவு என்று நீ முடிவு செய், அறைத் தோழனும் வேண்டாம், நானும் வேண்டாம். முடிவு செய்ததை நோட்டில் எழுதி வை, ஆறு மாதம் மாற்றாதே. கல்விக் கடன் முடிகிற மாதத்தையும் அதே பக்கத்தில் குறித்து வை. அன்றைக்கு 8,500 விடுதலை ஆகும். அதில் எத்தனை உன் புது பைக்குக்கு, எத்தனை இந்த நோட்டுக்கு என்பதை இப்போதே எழுது. அப்போது எழுத மனசு வராது. சொந்த வீடு, நல்ல வேலை, கடன் இல்லை என்கிற நிலையில் இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் பதில் இப்படி இருந்திருக்காது. பத்தை ஒரு படியாக வைத்து அதற்கு மேலே ஏறுங்கள் என்றிருப்பேன்.

அப்புறம் ஒன்று, சபையைப் பற்றி. வருஷக் கணக்கை வாசிக்கிறார்களா என்று பார். எங்கள் சபையில் வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது மின்கட்டண வரியில்கூட ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த ஒருவர் இருக்கும்வரை பொருளாளர் ஒழுங்காக இருப்பான். தசமபாகம் கேட்கிற சபையோ கிருபை என்கிற சபையோ, கணக்குக் காட்டாத இடத்தில் பெரிய தொகை கொடுக்காதே. ரசீது வாங்கு. கியூஆர் கோடில் அனுப்பினாலும் ரசீது கேள்.

இரண்டு நாள் கழித்து அவன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 2,000 என்று எழுதி அடிக்கோடு. கடன் முடியும் மாதத்துக்கு நேரே 4,000. இந்த ஞாயிறு ரசீதின் படமும் வந்தது. ரசீதுப் புத்தகத்தில் நான்கே வரிகள்தான் அச்சடித்திருந்தது: தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, மற்றவை. எந்த வரியில் எழுத என்று பொருளாளர் கேட்டாராம், இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே தசமபாகத்துக்கு நேரே 2,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

32,000-ல் 2,000 என்பது பதினாறில் ஒன்று. வாய்ப்பாட்டில் என் ஆச்சி காலத்தில் அதை வீசம் என்று படிப்பார்கள். அந்த ரசீதுப் புத்தகத்தில் அதற்கு வரி இல்லை.